எழுதி வைத்த உதவிகள்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் நிறுவனத்தில் தொள்ளாயிரம் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. எனக்கு வந்த எண் ஐம்பத்தேழு. அறுபதோ அதற்கு மேலோ வாங்கியவர்களுக்கு மட்டும் வேலை தொடரும். எதிர் இருக்கையில் இருந்த தேசப்பன் தன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறவனைப் போல எழுந்து போனான். அவனுக்கு நாற்பத்தொன்று என்று பிறகு தெரிந்தது.

எண் கொடுத்த இயந்திரத்துக்கு உரைகல் என்று பெயர். ஒருவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்ததையெல்லாம் அது வாசிக்கும். அதில் மற்றவர்கள் செய்த உதவியைக் கழிக்கும். மிச்சம் இருப்பது அவருடைய சொந்தச் சரக்கு. இவ்வளவுதான் விஷயம். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். முதலில் கேட்டபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

நீலவரை என்கிற அந்த நிறுவனம் சிறுசேரியில் இருக்கிறது. எந்த ஏரி எந்த மழைக்கு எத்தனை மணிக்கு நிரம்பும், எந்த மதகை எப்போது திறக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வது எங்கள் தொழில். ஆறு வருடத்துக்கு முன்னால் நான் அங்கே சேர்ந்தது ‘படி’ என்ற திட்டத்தின் வழியாக. காலனிகளிலிருந்தும் மலைக் கிராமங்களிலிருந்தும், வீட்டில் யாருமே அதற்கு முன் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திராத பிள்ளைகளாகப் பார்த்து வருடத்துக்குப் பன்னிரண்டு பேரை எடுத்தார்கள். அப்போது வெளிநாட்டு வாடிக்கையாளர்கள், ‘உங்களிடம் எத்தனை தலித்துகள் வேலை பார்க்கிறார்கள்’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்கள் ஊரிலேயே காற்று மாறியது, கேட்பதை நிறுத்தினார்கள். இங்கே நானூறு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தார்கள். தகுதி மட்டும் போதும், சலுகை வேண்டாம் என்று அதில் இருந்தது. தலைவர் ஒரு கடிதம் எழுதினார்: இனி இங்கே எல்லோரும் சமம். அன்று மதியமே படித் திட்டத்தின் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

அந்த மனுவில் அபர்ணா கையெழுத்துப் போடவில்லை. அவளே வந்து என்னிடம் சொன்னாள்.

அபர்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நங்கநல்லூர்க்காரி. என்னைவிட ஒரு வருடம் சீனியர். நான் சேர்ந்த முதல் வாரம், கேன்டீனில் என் எதிரே தட்டை வைத்து உட்கார்ந்து, “உங்க ஊர் எது? அரக்கோணமா? அப்ப தினம் ட்ரெயின்ல வந்து போறியா, பைத்தியமா உனக்கு?” என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் என்னிடம் மிக மரியாதையாகப் பேசிவிட்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். எனக்கு டெங்கு வந்தபோது இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் உடன் இருந்தாள். என் முழுப் பெயர் சங்கமித்ரை. அதை மித்ரா என்று சுருக்கியவளும் அவள்தான். இதையெல்லாம் நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை கேன்டீனில் நவ்ஷாத்தைப் பிடித்தேன். உரைகல்லை எங்கள் நிறுவனத்துக்குப் பொருத்திய குழுவில் அவன் ஒருவன். வாணியம்பாடிக்காரன், மனசாட்சி உள்ளவன், அதனால் அந்த வாரம் முழுக்க யார் கண்ணையும் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“உக்காருங்க மித்ரா. நீங்க வருவீங்கன்னு தெரியும்.”

“எனக்கு எப்படி ஐம்பத்தேழு?”

அவன் தன் கருவியில் என் கணக்கைத் திறந்து காட்டினான். நீளமான பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு பெயர், ஒரு கழித்தல். முந்நூற்றுப் பதினோரு வரிகள்.

“இதெல்லாம் என்ன?”

“நீங்க எழுதின நன்றிக் குறிப்பு.”

படித் திட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அந்த வாரம் யார் யார் நமக்கு உதவினார்கள் என்று நிறுவனத்தின் பொதுப் பலகையில் நன்றி எழுத வேண்டும். படியில் வந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த விதி. மற்றவர்கள் விரும்பினால் எழுதலாம், யாரும் விரும்பவில்லை. நான் ஒரு வெள்ளிகூடத் தவறவிட்டதில்லை. தவறவிட முடியுமா? நாங்கள் வாய் திறந்து நன்றி சொல்லாவிட்டால் அதற்குப் பெயர் திமிர். சேர்ந்த புதிதில், தனியாக முடித்த ஒரு வேலையை ‘நான் முடித்தேன்’ என்று எழுதினேன். அன்று முழுக்க நான்கு பேர் முகம் கோணலாக இருந்தது. அதன் பிறகு சொந்தமாகச் செய்ததையும் ‘இன்னாரின் வழிகாட்டுதலோடு’ என்று எழுதப் பழகிக்கொண்டேன். எனக்குப் பிறகு படியில் வந்த தேசப்பனுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். பெயரைச் சேர்த்துப் போடு, சந்தோஷப்படுவார்கள், உனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்றேன்.

“இதுல பாதி பொய் நவ்ஷாத். மரியாதைக்கு எழுதினது.”

“அதுக்கு மரியாதை தெரியாது. எழுத்துல இருந்தா உதவி.”

ஒரு வரியில் என் விரல் நின்றது. டெங்குக் காய்ச்சலின்போது உடன் இருந்த அபர்ணாவுக்கு நன்றி. கழித்தல், பூஜ்யம் புள்ளி நான்கு.

“காய்ச்சலுக்குமா?”

அவன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

“சரி, அபர்ணாவோட மாமா ஒரு போன் பண்ணித்தான் அவளுக்கு இங்க வேலை கிடைச்சுது. அவளே சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கா. அதைக் கழிச்சீங்களா?”

“போன்ல பேசினது எங்க இருக்கும்? யாரும் எழுதி வெக்கலையே.”

“அப்ப வீட்ல ட்யூஷன் வெச்சது, அப்பா கூட உக்காந்து ப்ராஜெக்ட் பண்ணிக் கொடுத்தது?”

“மித்ரா, நான் மீட்டிங்ல கேட்டேன். கேட்டதுக்கு, ‘டேட்டா இல்லாததை எப்படிக் கழிப்ப’ன்னாங்க. ஸ்காலர்ஷிப்புக்குச் சான்றிதழ் இருக்கு, ஹாஸ்டலுக்குச் சான்றிதழ் இருக்கு. உங்க ஆளுங்க வாங்கின எல்லாத்துக்கும் தாள் இருக்கு. அவங்க வாங்கினதுக்குத் தாளே கிடையாது.”

அவன் குழுவில் இருந்துகொண்டே சம்பளம் வாங்கினான் என்ற கோபம் எனக்கு வந்தது. ஆனால் அவனும் அறுபத்திரண்டில் ஊசலாடிக்கொண்டிருந்தான்.

வழி ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒரு வழி இருந்தது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணி வரை பழைய பதிவுகளில் விட்டுப்போனதைச் சேர்க்கலாம். நான் எனக்கு எழுதிக்கொள்ள முடியாது. நான் யாருக்காவது உதவியிருந்தால் அவர் எழுத வேண்டும். எழுதினால் அவர் கணக்கில் குறைந்து என் கணக்கில் ஏறும்.

“ஆலந்தாங்கல் ஏரி உங்க வேலைதானே?” நவ்ஷாத் குரலைத் தாழ்த்தினான். “அது ஒண்ணு போதும். எட்டு பாயிண்ட் வரும்.”

ஆலந்தாங்கல் என் வேலைதான். அதற்கு ஒன்பது மதகுகள். போன வருடம் அந்த மதகுகளைத் திறக்கும் அட்டவணையை நான் போட்டேன். படியில் வந்தவர்களுக்கு வாடிக்கையாளர் கோப்புகளைத் திறக்க அனுமதி கிடையாது என்பதால், அபர்ணாவின் இருக்கையில், அவள் கடவுச்சொல்லில் உட்கார்ந்து போட்டேன். அப்போது அவளுக்குக் கல்யாணம். இரண்டு வாரம் அவள் புடவைக் கடையிலும் மண்டபத்திலும் இருந்தாள். திரும்பி வந்து அந்த அட்டவணையை அவள் பெயரில் கொடுத்தாள். திட்டத் தலைவர் ஆனாள். கார் நிறுத்துமிடத்தில் என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். நான் அந்த வெள்ளிக்கிழமை என்ன எழுதினேன் தெரியுமா? ‘ஆலந்தாங்கல் பணியில் என்னையும் சேர்த்துக்கொண்ட அபர்ணாவுக்கு நன்றி.’ கழித்தல், இரண்டு.

“இன்னொண்ணு,” என்றான் நவ்ஷாத். “மூணு மாசமா சாட்டையும் அது படிக்குது. அதுல யாராவது உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேட்டாலே போதும். அதுவும் உதவின்னு பதிவாகும். அதனாலதான் இப்ப யாரும் எழுதிக் கேக்கறதில்ல. பாருங்க, எல்லாம் காதுக்குள்ள.”

பார்த்தேன். உண்மைதான். நேற்று வரை எதிர் எதிரே உட்கார்ந்து தட்டச்சு செய்து பேசிய ஜனங்கள், நடைபாதையில் இரண்டு இரண்டு பேராக ஒதுங்கி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இந்த விதி எல்லாருக்கும் நேத்துதானே தெரியும்?”

“விதி போட்ட கமிட்டியில இருந்தவங்களுக்கு மூணு மாசமா தெரியும்.”

“யாரு கமிட்டியில?”

அவன் ஐந்து பெயர்களைச் சொன்னான். நான்காவது பெயர் அபர்ணா.

நான் எழுந்து வந்துவிட்டேன். இருக்கைக்கு வந்து அபர்ணாவோடு நான் பேசிய சாட்டைத் திறந்தேன். ஒரு நாளைக்கு முப்பது செய்தி அனுப்புகிறவள். சரியாக மூன்று மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமையோடு அது நின்றிருந்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் நேரில் வந்து கேட்டாள். என் நாற்காலிக் கையில் உட்கார்ந்துகொண்டு, “நேர்ல பேசினாதான் டி எனக்கு நல்லா இருக்கு” என்பாள். அதை நான் பிரியம் என்று நினைத்திருந்தேன்.

புதன்கிழமை அவள் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன்.

“எனக்கு மூணு குறையுது அபர்ணா.”

“தெரியும் டி. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல.”

“ஆலந்தாங்கலை எழுது. ஒரு வரி போதும். அட்டவணை போட்டது மித்ரான்னு.”

அவளுக்குத் தொண்ணூற்றிரண்டு. எழுதினால் எண்பத்தைந்துக்குக் கீழே போகும். எண்பத்தைந்து இல்லாவிட்டால் திட்டத் தலைவர் பதவி இல்லை. இதை நான் நவ்ஷாத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனேன். வேலை போகாது, பதவி மட்டும் ஒரு படி இறங்கும். எனக்கோ வேலையே போகும். உரைகல்லில் தோற்று வெளியே போனவர்களை இந்தச் சாலையில் வேறு எந்த நிறுவனமும் எடுப்பதில்லை. எல்லோரும் அதே இயந்திரத்தைத்தான் வாங்கியிருந்தார்கள்.

“கமிட்டியில இருந்ததை நீ எங்கிட்ட சொல்லவே இல்ல,” என்றேன்.

“சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க மித்ரா. உள்ள இருந்து ஏதாவது உங்களுக்கு நல்லது பண்ணலாம்னுதான் ஒத்துக்கிட்டேன்.” அவள் கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எழுதறேன். நாளைக்குக் காலைல மொத வேலை. ஆலந்தாங்கலைப் பத்தியே எழுதறேன். நீ நிம்மதியா வீட்டுக்குப் போ.”

நான் நம்பினேன். எவ்வளவு தெரிந்த பிறகும் நம்பினேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அன்று அரக்கோணம் ரயிலில் அப்பாவிடம் போனில், பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். தண்டவாளம் சரிபார்க்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். “யாரு எழுதித் தராங்க?” என்று கேட்டார். அபர்ணா என்றதும், “தங்கமான பொண்ணு” என்றார்.

வியாழக்கிழமை காலை எதுவும் வரவில்லை. மதியம் தேசப்பன் தன் சாமான்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டான். அவன் யாரிடமும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை.

“நீ ஏன்டா கேக்கல?”

“யார்கிட்டக்கா கேக்கறது? நான் எல்லாருக்கும் நன்றி எழுதிட்டேன். எனக்கு எவனும் எழுதல,” என்றான். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான்கு இருபதுக்குப் பொதுப் பலகையில் அபர்ணாவின் குறிப்பு வந்தது. அவள் அங்கே எழுதிய முதல் குறிப்பு. நான் அவசரமாக முதலில் என் எண்ணைப் பார்த்தேன். ஐம்பத்தொன்று.

ஏதோ தப்பு என்று நினைத்துத் திரும்பத் திறந்தேன். ஐம்பத்தொன்றுதான். பிறகு குறிப்பைப் படித்தேன்.

‘சங்கமித்ரை போன்ற ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பை எனக்கு அளித்த படித் திட்டத்துக்கு நன்றி. ஆலந்தாங்கல் பணியின்போது ஒவ்வொரு கணக்கையும் அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த அந்த நாட்கள் என் வாழ்வில் மறக்க முடியாதவை. அவருடைய வளர்ச்சியைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன்.’

கீழே அதற்குள் எண்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள். அபர்ணாவின் எண் தொண்ணூற்றிரண்டிலிருந்து தொண்ணூற்று நான்காகியிருந்தது. நன்றி படித் திட்டத்துக்குப் போனது; அவள் சொல்லிக்கொடுத்தாள் என்பதை மட்டும் உரைகல் உதவியாக எடுத்து என் கணக்கில் கழித்திருந்தது.

அவள் லிஃப்ட் அருகில் நின்றுகொண்டிருந்தாள். நேரே போனேன்.

“என்ன எழுதியிருக்க நீ?”

“ஏன், உன்னைப் பத்தி நல்லதாத்தானே எழுதியிருக்கேன். படிச்சுட்டு எங்கம்மாவே அழுதுட்டா.”

“நான் போட்ட கணக்கு அது. நீ கல்யாணத்துல இருந்த.”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதில் கள்ளம் இருந்தால் கண்டுபிடித்திருப்பேன்; ஆறு வருடம் பழகியவள். இல்லை. நிஜமாகவே குழம்பியிருந்தாள்.

“மித்ரா, என்ன பேசற? நீ கூட இருந்து ஹெல்ப் பண்ணின, நான் இல்லன்னு சொல்லல. ஆனா போட்டது நான்தானே? நீயே எழுதியிருக்கியே டி. ‘என்னையும் சேர்த்துக்கொண்ட அபர்ணாவுக்கு நன்றி’ன்னு. எழுதறதுக்கு முன்னாடி அதைத்தான் எடுத்துப் படிச்சேன்.”

ஏமாற்றுகிறவளிடம் சண்டை போடலாம். இவளிடம் என்ன செய்வது? என் குறிப்புகளையே படித்துப் படித்து, தன் ஞாபகத்தைத் திருத்திக்கொண்டு விட்டாள். நான்தான் முந்நூறு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து அவளுக்கு அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். துரோகம் என்று சொன்னால் அவளுக்குப் புரியக்கூடப் போவதில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடிகாரத்தில் நான்கு நாற்பத்தெட்டு.

“சரி, கோவப்படாத,” என்றாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். குரல் இறங்கியது. “திங்கட்கிழமை ஏரிப் பொறியாளர்ங்க வராங்க. அட்டவணையில ஒன்பதாவது மதகு ஏன் மொதல்ல திறக்குதுன்னு கேக்கறாங்க. ஒண்ணாவது பெருசாச்சே, அதைத்தானே மொதல்ல திறக்கணும், மாத்திடலாமாங்கறாங்க. அது ஏன் அப்படிப் போட்டோம்? எனக்குச் சட்டுனு ஞாபகம் வரல.”

ஒன்றாவது மதகுக்குக் கீழே, ஏரிக்கரையை ஒட்டி நூற்று நாற்பது வீடுகள் இருக்கின்றன. ஒரு காலனி. எங்களுக்குக் கொடுத்த வரைபடத்தில் அந்த இடம் தரிசு என்று இருந்தது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், அந்தத் தெருக்களில் நடந்து, கொடியில் துணி காய்ந்ததைப் பார்த்துவிட்டு வந்துதான் வரிசையை மாற்றினேன். ஒன்பதாவது மதகுத் தண்ணீர் காலி நிலத்தில் பாய்ந்து ஆற்றுக்குப் போகும். முப்பது நிமிடம் முன்னால் அதைத் திறந்துவிட்டால் காலனிக்குள் தண்ணீர் வராது. அபர்ணாவுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. இந்தக் கேள்வியை அவள் எழுத்தில் கேட்டாலே, அட்டவணை யாருடையது என்று உரைகல்லுக்குத் தெரிந்துவிடும்.

“எழுதிக் கேளு,” என்றேன்.

“என்ன?”

“சாட்ல எழுதிக் கேளு. இப்பவே. அஞ்சு மணிக்குள்ள. உடனே பதில் சொல்றேன்.”

“இதுக்கெல்லாம் எழுதணுமா டி? நமக்குள்ள என்ன?”

“ஆமா. எழுது.”

அவள் கைப்பேசியை எடுத்தாள். என் பெயரைத் தொட்டாள், நான் பார்த்தேன். கட்டைவிரல் எழுத்துகளின் மேல் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. லிஃப்ட் ஒருமுறை வந்து, திறந்து, ஆளில்லாமல் மூடிக்கொண்டு போனது. அவள் மூக்கை உறிஞ்சினாள். “மீட்டிங் இருக்கு, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தாள். குதிகாலின் சத்தம் அறைக்கதவு வரை கேட்டது.

ஐந்து மணிக்கு என் அடையாள அட்டையில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. காவலாளி கதவைத் தன் அட்டையால் திறந்துவிட்டார். “நாளைக்கு வாங்க மேடம்” என்று வழக்கமாகச் சொல்கிறவர், அன்று “பாத்துப் போங்க மேடம்” என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. அபர்ணா. மூன்று மாதத்துக்குப் பிறகு எழுத்தில் வந்த முதல் செய்தி. நேரம் ஐந்து மூன்று.

‘ஒன்பதாவது மதகு ஏன் முதலில்? எழுதிட்டேன் பாரு, கோவம் போச்சா? அட்வான்ஸ் தேங்க்ஸ் டி.’

அழித்துவிடத்தான் விரல் போனது. அவள் திங்கட்கிழமை விழிக்கட்டும், எல்லோர் முன்னாலும் நிற்கட்டும் என்று மனசார நினைத்தேன். ஆனால் அவள் விழித்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. பொறியாளர்கள் ஒன்றாவது மதகை முதலில் போடச் சொல்வார்கள், இவளும் தலையாட்டிவிட்டுப் போட்டுவிடுவாள். ஐப்பசிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

அவளுக்குப் பதில் எழுதவில்லை. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் ஏரி அலுவலகத்துக்கு நேராக ஒரு கடிதம் எழுதினேன். நூற்று நாற்பது வீடுகள், தெருக்களின் பெயர்கள், ஒன்பதாவது மதகுக்கும் ஒன்றாவதுக்கும் நடுவே விட வேண்டிய முப்பது நிமிடம், அதன் கணக்கு. ‘இந்த அட்டவணையைப் போட்டவள் நான்’ என்று முடித்து, கீழே முழுப் பெயரையும் எழுதினேன். யார் வழிகாட்டுதலும் அதில் இல்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு மறுபடி அப்படி ஒரு வரியை எழுத எனக்கு ஒரு வேலை போக வேண்டியிருந்தது.

சோழிங்கநல்லூர் சிக்னலில் பதில் வந்துவிட்டது. அரசு அலுவலகம் அவ்வளவு வேகமாகப் பதில் போட்டு நான் பார்த்ததில்லை. தகவல் மிகவும் பயனுள்ளது, அட்டவணையை மாற்றப் போவதில்லை என்று இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. அடுத்த வரியில், என் கடிதம் உரிய விளக்கமாக ஏற்கப்பட்டு, திட்டத் தலைவர் அபர்ணா அவர்களின் பெயரில் ஆவணத்தில் சேர்ப்பதற்காக அவருக்கே அனுப்பப்பட்டிருப்பதாக எழுதியிருந்தார்கள்.